கொடுத்தேன், வாங்கிட்டேன்

என் தங்கை வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. எங்கள் வீட்டில் அவருக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான், என் வாய் அப்படி. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது உட்காருங்கள் என்றால் அந்த மனிதர் உட்காரவில்லை. நாற்காலியை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. பக்கத்து நாற்காலியை ஆட்டினார். அதுவும் ஆடியது. சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். என் தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினேன்.

எதைப் பார்த்தாலும் அது எங்கே உடையும், எந்தப் பக்கம் சாயும் என்றுதான் அவர் கண் போகும். பன்னிரண்டு மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று கம்பிக்கயிற்றைத் துடைத்து கிரீஸ் பூசுகிறவர். அங்கே அவருக்குப் பயம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால்தான் பயம், அதுவும் மகள் பிறந்த பிறகு. அவளுக்கு எங்கள் வீட்டில் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவரைச் சாப்பிட விடாது, உட்கார விடாது. நாங்கள் அதை வைத்து மூன்று வருடம் சிரித்தோம்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னறை என்னுடையது. எனக்குக் கல்யாணமாகி ஆறே மாதத்தில் ஒத்துவராமல் போய், மோட்டார் வைத்த தையல் மெஷினோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள் நான். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். முன்னறைக்கு அடுத்து கூடம், கூடத்துக்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் கொல்லை. கொல்லையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தரைக்குள் இறக்கிக் கட்டியது.

அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிதருக்கு ஒரே மந்திரம்தான், 'ஒண்ணும் ஆகாது'. மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் அதையே எடுத்து விடுவார்.

"என் சக்கரத்துல ஒரு கோழி செத்தது கிடையாது மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகாது, உட்காருங்க."

அம்மா அவருக்கு மேலே. "ரெண்டு பொம்பளப் பிள்ளைய வளர்த்திருக்கோம். ரெண்டும் குத்துக்கல்லாட்டம் நிக்குது. எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. இருந்தாலும் அந்த மண்ணெண்ணெய் பாட்டில் மேல் தட்டுல இருக்கட்டும்," என்பார் இன்ஸ்பெக்டர். தானே எடுத்து மேலே வைப்பார். அடுத்த வாரம் வரும்போது அது பழையபடி அடுப்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். மறுபடி எடுத்து மேலே வைப்பார். அம்மாவும் விட மாட்டாள், அவரும் விட மாட்டார்.

என் தங்கை மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணி வரை கடை உண்டு. அதனால் ஞாயிறு தவறாமல் அவர்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். குழந்தையை நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். உருண்டையாக, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடுவாள். வந்ததும் இறக்கி விட மாட்டார். என் அறை வாசலிலேயே நின்று, பையிலிருந்து ஒரு பெரிய காந்தத்தை எடுப்பார். லிஃப்ட் குழியில் விழுந்த ஆணி, திருகு பொறுக்குவதற்கு வைத்திருக்கிற காந்தம். அதில் கயிறு கட்டித் தரை முழுக்க இழுப்பார். நான் சிந்திய குண்டூசியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் எடுத்து டப்பாவில் போட்ட பிறகுதான் பட்டாணியின் கால் தரையில் படும்.

"எங்க வீட்டுத் தரைக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்பேன் நான்.

"ஆச்சுக்கா. ஏழு," என்பார். கிண்டல் அவருக்கு உறைக்கவே உறைக்காது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குழந்தையை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் எல்லாரும் போகிற போக்கில் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அம்மா, "எங்கே அந்தப் பட்டாணி?" என்று குரல் கொடுப்பாள். "இங்கேதான், என் செருப்பைத் தின்னுக்கிட்டு இருக்கா," என்பார் அப்பா. நான் மெஷினை நிறுத்தி எட்டிப் பார்ப்பேன். அப்படித்தான் நானும் என் தங்கையும் வளர்ந்தோம்.

ஒருநாள் அது தவறியது. இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போய்த் திரும்பி வரும்போது பட்டாணி தெருப்படியில் தனியாக உட்கார்ந்து, போகிற வண்டிகளுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அப்பா எதையும் நினைக்கவில்லை. மாப்பிள்ளை கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

அப்பா வழக்கப்படி ஆரம்பித்தார். "அதான் ஒண்ணும்..."

"மாமா, ஒரு நிமிஷம்," என்றார் அவர். அத்தனை வருடத்தில் அவர் அப்பாவின் பேச்சில் குறுக்கிட்டது அந்த ஒரு தடவைதான். "எங்க வேலையில ஒருத்தன் மேல மோட்டார் ரூம்ல இருப்பான், ஒருத்தன் பெட்டி மேல நிப்பான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. மேல இருக்கிறவன் 'இறக்கறேன்'னு சொன்னா, நிக்கிறவன் 'இறக்கு'ன்னு திருப்பிச் சொல்லணும். அது காதுல விழுந்தாத்தான் சுவிட்சைத் தொடலாம். ஒருத்தன் ஒருநாள் கேக்காமத் தொட்டான். என் கூட்டாளிக்கு வலது கை போச்சு."

பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். அவரே தொடர்ந்தார்.

"இனிமே பாப்பாவை விட்டுட்டுப் போறவங்க 'கொடுத்தேன்'னு சொல்லணும். பார்த்துக்கிறவங்க 'வாங்கிட்டேன்'னு சொல்லணும். அதைச் சொன்ன அப்புறம் அவங்கதான் பொறுப்பு. ஒரு தடவைதான் சொல்லணும்."

என்னால் சும்மா இருக்க முடியுமா? "ஏன், ரெண்டு தடவை சொன்னா வாய் தேஞ்சுடுமா?" என்றேன்.

"ரெண்டு தடவை சொன்னா வாய் மட்டும்தான் சொல்லுதுன்னு அர்த்தம்க்கா. மனசு வேற எங்கேயோ இருக்கும்."

ஒரு வாரம் ஒழுங்காகச் சொன்னோம். அப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. அப்பா செய்தித்தாளை நீட்டும்போது "கொடுத்தேன்" என்பார். அம்மா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு "வாங்கிட்டேன்" என்பாள். பட்டாணியும் பிடித்துக்கொண்டாள். கடித்துப் பாதியான பிஸ்கட்டை எச்சிலோடு என் கையில் திணித்து, "பெரியம்மா, கொத்தேன்!" என்பாள். நான் "வாங்கிட்டேன்" என்று சொல்கிற வரைக்கும் இடத்தைவிட்டு நகர மாட்டாள். அந்த வீட்டில் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அவரும் அவர் மகளும்தான்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். அதன் வாய் இரண்டடிச் சதுரம். மூடி சிமெண்டுப் பலகை, நல்ல கனம். தண்ணீர் அளவு காட்டுகிற மிதவை கெட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. அதனால் அப்பா தினமும் மூடியை நகர்த்தி எட்டிப் பார்ப்பார். இடுப்பு வலிக்காரர், நகர்த்தியதை முழுக்க இழுத்து மூட மாட்டார். அப்புறம் மூடிக்கொள்ளலாம் என்று மேலே ஒரு பழைய மரப்பலகையைச் சாய்த்துவிட்டுப் போவார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் தானே குனிந்து மூடியை இழுத்துப் போட்டார். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"கீல் வச்சு இரும்பு மூடி ஒண்ணு அடிச்சிட்டு வந்துடறேன் மாமா. ஒரு விரலால தூக்கிடலாம். பூட்டும் போட்டுக்கலாம். ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க."

"அடிச்சுட்டு வாங்க, யாரு வேண்டாம்னா? அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார் அப்பா.

அதற்கு அடுத்த ஞாயிறு. பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது. எனக்குத் தலைக்கு மேல் வேலை, நாற்பத்திரண்டு சட்டைக்குக் காலர் வைக்க வேண்டும். காலையிலிருந்து யார் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார், காந்தத்தை இழுத்தார். அன்றைக்குப் பதினோரு குண்டூசி. டப்பா கைக்குக் கிடைக்காததால் அவற்றை என் மேஜை விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அவர் மனதில் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, படிக்காத பிள்ளைக்கு வாத்தியார் போட்ட மதிப்பெண் மாதிரி அந்தப் பதினொன்றும் வரிசையாக நின்றன. பற்றிக்கொண்டு வந்தது. இருக்கட்டும், இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை மிதித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய போன் அடித்தது. எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு வயதான அம்மா தனியாக மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்கிறாராம். அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். பட்டாணி அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பாப்பா இங்கே வாசல்ல நிக்கிறா. கொடுத்தேன்."

காலர் திரும்புகிற முனையில் ஊசி இருந்தது. அங்கே கண்ணை எடுத்தால் கோணிக்கொள்ளும். நான் தலையைத் தூக்கவில்லை.

"வாங்கிட்டேன், வாங்கிட்டேன்," என்றேன். குரல் எப்படியிருந்தது என்பது எனக்கே இன்னும் காதில் இருக்கிறது. ஈயை விரட்டுகிற குரல்.

அவர் உடனே போகவில்லை. வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தது. நின்றால் நிற்கட்டும் என்று இன்னும் வேகமாக மிதித்தேன். போன் மறுபடி அடித்தது. செருப்புச் சத்தம் நகர்ந்தது. பைக் கிளம்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த வார்த்தையால் நடந்தது. கூடத்தில் படுத்திருந்த அம்மா அதைக் கேட்டாள், நிம்மதியாகத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். கொல்லையில் தொட்டி மூடியை நகர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் கேட்டார். குழந்தை என்னிடம் இருக்கிறாள், கொல்லைப் பக்கம் வர மாட்டாள் என்று பலகையைக்கூடச் சாய்க்காமல், தொட்டிக்குத் தண்ணீர் வரும் தெருக் குழாயைத் திறந்துவிட ஸ்பானரை எடுத்துக்கொண்டு சந்து வழியாக முன்பக்கம் போனார். வழக்கமாக என் ஜன்னலைத் தாண்டும்போது "எங்கே பட்டாணி?" என்று கேட்பவர், அன்றைக்குக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. வாங்கிக்கொண்டவள் நான் இருக்கும்போது எதற்குக் கேட்பார்கள்?

பட்டாணி என் பக்கத்தில் வந்து நின்றாள். தொடையில் கை பட்டது.

"பெரியம்மா, கொத்தேன்."

"ம், அப்புறம்," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்புறம் மூன்று காலர் தைத்தேன். ஒரு காலருக்கு நான்கு நிமிடம். நான்காவதை எடுக்கக் கை நீட்டியபோது மெஷின் பலகை மேல் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அதே நேரம் கொல்லையிலிருந்து அப்பாவின் சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்த மனிதர் அதற்கு முன்னாலும் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை.

அவளை எடுத்தது அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் வெளியே வந்து ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

அந்த வயதான அம்மாவை லிஃப்டிலிருந்து பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். வீட்டில் ஆள் இல்லை, கதவு திறந்து கிடந்தது. கொல்லைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. அழவில்லை. வராந்தாவில் என் தங்கை பெஞ்சில் உட்கார்ந்து மோதிக்கொண்டு கதறும்போது, அவள் தலை சுவரில் இடிக்காமல் நடுவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் போலீஸ்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். "தொட்டியைத் திறந்து வச்சது யாரு?"

"நான்தான்," என்றார் அப்பா.

"நீங்க போகும்போது குழந்தையை யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

நான் என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையும் பார்க்கவில்லை.

"வீட்டுல விட்டுட்டுப் போனேன் சார்," என்றார்.

"வீட்டுலன்னா?"

"வீட்டுல."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பேசுகிற வாய். ஊரில் என் வாய்க்குப் பயந்தவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு ஒரு வார்த்தை, 'என்கிட்டதான்' என்ற ஒரு வார்த்தை, வரவில்லை. கோழைக் கழுதை நான்.

என் தங்கை அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டாள். "சொல்லுப்பா. இப்பச் சொல்லு, ஒண்ணும் ஆகாதுன்னு. சொல்லுப்பா!" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் ஒரு பொம்மை மாதிரி ஆடிக்கொண்டு நின்றார். அதோடு அவள் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அப்பாவிடம் பேசவில்லை. என்னோடு மட்டும் போனில் பேசுவாள். "நீ ஒருத்திதான்க்கா அந்த வீட்டுல மனுஷி," என்பாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ம், ம் என்பேன்.

இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தார் அல்லவா? அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பைக்கின் பின்னால் இரும்பு மூடியைக் கட்டிக்கொண்டு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் கொல்லைக்குப் போய், சிமெண்டில் துளை போட்டு, கீல் வைத்து மாட்டினார். அளவு கச்சிதமாக இருந்தது. அப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தார். கொடுத்தேன் என்று அவரும் சொல்லவில்லை, வாங்கிட்டேன் என்று இவரும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு விரலால் மூடியைத் தூக்கிக் காட்டினார், இறக்கினார், பூட்டினார். சாவியை அப்பாவின் கையில் வைத்தார். அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறை ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்தேன்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் அதே வேலையில்தான் இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித் தெரிந்தது: கயிற்றை மூன்று தடவை சோதிக்கிறாராம். எதிராளி திருப்பிச் சொன்னாலும், ஆளை நேரில் பார்க்காமல் சுவிட்சைத் தொடுவதில்லையாம். எட்டு மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தொடுகிறாராம். இவரோடு வேலை செய்தால் விடிந்துவிடும் என்று ஆள்கள் புலம்புகிறார்களாம்.

அப்பா இரண்டு வருடம் இருந்தார். 'ஒண்ணும் ஆகாது' அவர் வாயிலிருந்து மறுபடி வரவே இல்லை. டாக்டர் என்ன சொன்னாலும் சரி சரி என்று கேட்டுக்கொள்வார். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல், "அப்பா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "நான் திறந்து வச்சது நிஜம்தானே? அது போதும். ரெண்டு பேரு எதுக்கு?"

அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரியும், அவளும் காதால் கேட்டவள்தானே. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வருடம் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறோம். அடுத்த வாரம் அப்பா போய்விட்டார். என் தங்கை வந்தாள், தெரு கேட்டுக்கு வெளியே நின்றாள், முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

ஆண் குழந்தை பிறந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், தூக்கவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் போனபோதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கு. அவனுக்கு ஒன்பது மாதமாகிற வரைக்கும் நான் அவனைத் தொட்டது கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணியிருக்கும். மெஷினில் உட்கார்ந்திருந்தேன். பைக் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முடி பாதி நரைத்துவிட்டது. தங்கைக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுவலி, பித்தப்பையில் கல், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்களாம். கையெழுத்துப் போட அவர் போக வேண்டும்.

"சாயங்காலம் வரைக்கும் இவனைப் பார்த்துக்கணும்க்கா."

"நானா?" என்றேன். "அவ இந்த வீட்டுக்கு அனுப்பச் சம்மதிச்சாளா?"

அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அவதான் அனுப்பினா. 'இப்ப அக்காவும் அம்மாவும்தானே இருக்காங்க, அப்பாதான் இல்லையே, இனிமே அந்த வீட்டுல பயமில்லை'ன்னா."

நான் எழுந்து நின்றேன். அந்த வார்த்தை நெஞ்சில் எங்கே போய் விழுந்தது என்று எனக்குத்தான் தெரியும். செத்துப்போன மனிதரின் மேல் மூன்று வருடமாக நான் ஏற்றி வைத்திருந்த சுமையை அவள் இப்போது ஆணியடித்து இறுக்கிவிட்டாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"வேண்டாம் தம்பி," என்றேன். "என்கிட்டக் கொடுக்காதீங்க. அன்னைக்கு வாங்கிட்டேன்னு சொன்னது நான்தான். அப்பா இல்லை. நான். திரும்பிக்கூடப் பார்க்காமச் சொன்னேன். அவ என் பக்கத்துல வந்து நின்னா, பிஸ்கட்டை நீட்டினா, அப்புறம்னு சொன்னேன்..."

"தெரியும்க்கா," என்றார்.

"தெரியுமா? அப்ப ஏன் போலீஸ்காரர்கிட்டச் சொல்லலை?"

அவர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க," என்றார். "ரெண்டு தடவை சொன்னா மனசு அங்கே இல்லைன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். காதுல விழுந்துச்சு. வாசல்ல நின்னேன். உள்ள வந்து மெஷினை நிறுத்திட்டு உங்க கையில கொடுத்திருக்கணும். போன் அடிச்சுச்சு, போயிட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த வாசல்லதான்க்கா நிக்கிறேன்."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கூடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தேற்றவில்லை. பையிலிருந்து காந்தத்தை எடுத்து, ஒரு கையில் குழந்தையோடு என் அறைத் தரையை மூலை மூலையாக இழுத்தார். ஒரு ஊசிகூட ஒட்டவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் நான் கையாலேயே தடவிப் பொறுக்கிவிடுகிறேன். அவர் காந்தத்தைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்கக்கா. நேரமாச்சு."

எழுந்தேன். மெஷினின் சுவிட்சை அணைத்தேன். கையைப் புடவையில் துடைத்தேன்.

"சாயங்காலம் நீங்களே இவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றார். "கண்ணு முழிச்சிருப்பா. ரெண்டு மூணு நாள் கழிச்சு, அவ எழுந்து உட்கார்ந்ததும் சொல்லுங்க. மாமாவைப் பத்தின நிஜத்தை நீங்க சொல்லணும். நான் வாசல்ல நின்னதை நான் சொல்லிக்கிறேன்."

"அவ என்னைச் சும்மா விடமாட்டா தம்பி. மூஞ்சியில முழிக்க மாட்டா."

"மாட்டாதான்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

குழந்தையை இரண்டு கையாலும் எடுத்து என் முன்னால் நீட்டினார். அவன் என் கழுத்துச் சங்கிலியைப் பிடிக்கக் கையை நீட்டினான். நான் அவன் அக்குளில் கை கொடுத்துப் பிடித்தேன். அவர் விடவில்லை. அவர் கையும் என் கையும் அந்தச் சின்ன உடம்பின் மேல் இருந்தன. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"கொடுத்தேன்," என்றார்.

"வாங்கிட்டேன்," என்றேன், ஒரே ஒரு தடவை. அப்புறம்தான் அவர் கையை எடுத்தார்.